வைக்கோல் வண்டியேறும் முன் ஒரு கணக்கு
எரிபொருளுக்கு எதை விற்கலாம், எதை வயலிலேயே விடலாம்?

நெல் அறுவடை இயந்திரம் வயலைவிட்டு வெளியேறிய மறுநாளே, வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு வியாபாரி வந்து நிற்பது டெல்டா மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. கரிசல் பகுதிகளில் பருத்திமாருக்கும் மக்காச்சோளச் சக்கைக்கும் ஆள் தேடி வருகிறார்கள். கரும்பு வெட்டு முடிந்த தோட்டங்களில் சோகையைக் கட்டித் தருமாறு சில சர்க்கரை ஆலைகள் கேட்கின்றன. இதுநாள்வரை தீ வைத்தோ, வரப்போரம் தள்ளியோ கழித்த பொருளுக்குக் காசு தருகிறேன் என்றால் யாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், எல்லாக் கழிவும் ஒன்றல்ல. சிலவற்றை விற்றால் வருமானத்தோடு பூச்சித் தொல்லையும் குறையும். சிலவற்றை விற்றால், கையில் வாங்கிய பணத்தைவிடக் கூடுதலாக உரக்கடையிலும் தீவனக் கடையிலும் கொடுக்க வேண்டியிருக்கும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

திடீர்த் தேவை எதனால்?

பயிர்க்கழிவு, விறகு, உமி போன்ற தாவர எரிபொருளை மொத்தமாக பயோமாஸ் என்கிறார்கள். நிலக்கரியில் இயங்கும் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு குறிப்பிட்ட அளவு பயோமாஸ் குருணையையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கை வெளியிட்டது. 2023-ல் அது திருத்தப்பட்டு, 2024-25 நிதியாண்டில் 5 சதவிகிதம், 2025-26 முதல் 7 சதவிகிதம் என்று அளவு வைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், சாணம், பயிர்க்கழிவு ஆகியவற்றிலிருந்து வாகனங்களுக்கான அழுத்தப்பட்ட உயிர்வாயு தயாரிக்கும் 'சதத்' திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கப்பட்டது.

ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை, நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறது. 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்த ஆலை, ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகத் திட்டமிடப்பட்டது.

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது பஞ்சாப், ஹரியானா நிலைமை. அங்கே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரங்கள்தான் இடைவெளி. இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை அதற்குள் அகற்ற வழியில்லாமல் தீ வைத்தார்கள். அங்கு மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான் முக்கியத் தீவனம்; நெல் வைக்கோலை அவ்வளவாகப் போடுவதில்லை. நம் ஊரில் அப்படியல்ல. நெல் வைக்கோல்தான் மாட்டுக்கு உயிர்நாடி. எனவே, பஞ்சாபுக்குச் சரியான தீர்வை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவர முடியாது.

ஓர் ஏக்கர் வைக்கோல் = ஒரு மூட்டை பொட்டாஷ்

நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 6 கிலோ தழைச்சத்து, 2 கிலோ அளவுக்கு மணிச்சத்து, 20 கிலோவும் அதற்கு மேலும் சாம்பல்சத்து இருக்கும். இயந்திர அறுவடைக்குப் பின் ஏக்கருக்கு ஒன்றரை டன் வைக்கோல் கட்ட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 கிலோ சாம்பல்சத்து வெளியேறுகிறது. கடையில் விற்கும் பொட்டாஷ் உரத்தில் 60 சதவிகிதம்தான் சத்து. 30 கிலோ சத்துக்கு 50 கிலோ உரம் வேண்டும். அதாவது, ஓர் ஏக்கர் வைக்கோல் வண்டியேறும்போது ஒரு மூட்டை பொட்டாஷும் கூடவே ஏறுகிறது. இதுபோக, சுமார் 18 கிலோ யூரியாவுக்குச் சமமான தழைச்சத்தும் போகிறது.

எனவே, வியாபாரி ஏக்கருக்குச் சொல்லும் விலையிலிருந்து ஒரு மூட்டை பொட்டாஷ் விலையையும், அரை மூட்டைக்குச் சற்றுக் குறைவான யூரியா விலையையும் கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் உண்மையான வரவு. மிச்சமே இல்லை என்றால், அது விற்பனை அல்ல. மண்ணில் இருக்கும் உரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது.

இதற்கு எரிப்பதே மேல் என்று நினைத்துவிடக் கூடாது. வைக்கோலை வயலில் எரித்தால் தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் புகையாகப் போய்விடும். மணிச்சத்திலும் சாம்பல்சத்திலும் ஒரு பகுதி வீணாகும். மேல்மண்ணில் உள்ள நன்மை செய்யும் உயிர்களும் கருகும். எரிப்பதா, விற்பதா என்றால் விற்பதே நல்லது. ஆனால், டெல்டா விவசாயி முன் நிற்பது அந்தக் கேள்வி அல்ல. விற்பதா, மாட்டுக்கு வைப்பதா, மண்ணுக்கு விடுவதா என்பதுதான்.

மாட்டுக்குக் கொடுத்தால் சத்து வீணாகாது. மாடு தின்ற வைக்கோலில் உள்ள சாம்பல்சத்தில் பெரும்பகுதி கோமியத்தில் வெளியேறுகிறது. தொழுவத்தில் கோமியம் மண்ணில் இறங்கி வீணாகாமல், கூளத்தை விரித்து உறிஞ்சவைத்து எருக்குழியில் சேர்த்தால் அந்தப் பொட்டாஷ் திரும்ப வயலுக்கே வந்துவிடும்.

மாட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

மூன்று ஏக்கர் சம்பா, இரண்டு கறவை மாடுகள் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கரிலும் சேர்த்துக் கட்டும் வைக்கோல் நான்கரை டன். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்றால், இரண்டு மாட்டுக்கு ஆண்டுக்கு 4,380 கிலோ தேவை. ஏறக்குறைய முழு வைக்கோலும் தொழுவத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. இந்தக் குடும்பம் தை மாதத்தில் விற்றால், ஐப்பசி-கார்த்திகை மழைக்காலத்தில் அதே வைக்கோலை ஏறிய விலைக்கு வாங்க நேரும். பசுந்தீவனம் போதுமான அளவு வளர்ப்பவர்கள் மட்டும் ஒரு பகுதியை விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மாடு இல்லாதவர்கள், பத்து ஏக்கருக்கு மேல் சாகுபடி செய்பவர்கள், குறுவை அறுவடையில் மழை பெய்து வைக்கோல் கறுத்துப் போனவர்கள் ஆகியோர் எரிபொருளுக்கு விற்பதில் நியாயம் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவது ஆபத்து. அதைக் காயவைத்து ஆலைக்குக் கொடுக்கலாம். அல்லது மட்க வைக்கலாம்.

விற்பவர்களும் தாளை ஒட்ட வழித்தெடுக்க விடக் கூடாது. அரை அடி தாளையும், சிதறிய கூளத்தையும் வயலிலேயே விடுவது நல்லது. அடுத்து உளுந்து, பயறு விதைக்கும் வயலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே பயறு தெளிக்கும் வயல்களில், இயந்திரம் வரிசையாகக் கொட்டிய வைக்கோல் முளைத்து வரும் செடியை மூடிவிடும். அதனால், ஓரிரு நாளில் வைக்கோலை அப்புறப்படுத்த வேண்டும். அதே நேரத்தில், ஈரவயலில் டிராக்டர் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் செடி நசுங்கும், மண் இறுகும். அறுவடை இயந்திரம் போன தடத்திலேயே ஓட்டச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

கொதிகலனுக்கு வைக்கோல் அவ்வளவு பிடிக்காது

வைக்கோலுக்கு ஆலைகள் ஏன் அடிமாட்டு விலை சொல்கின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது. நெல் வைக்கோலை எரித்தால் 15 சதவிகிதத்துக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மணல்சத்து. இதோடு பொட்டாஷும் சேர்ந்து உருகி, கொதிகலனுக்குள் கட்டிகட்டியாகப் படியும். மண்ணுக்கு நல்லதான அதே பொட்டாஷ் கொதிகலனுக்கு எதிரி. வைக்கோலை எரித்து ஊருக்கே வெந்நீர் அனுப்பும் டென்மார்க் நாட்டில்கூட, அறுத்தபின் மழையில் நனைந்து காய்ந்து வெளுத்த வைக்கோலைத்தான் விரும்புகிறார்கள். மழைநீர் பொட்டாஷைக் கழுவி மண்ணில் இறக்கிவிடுகிறது. கொதிகலனும் தப்பிக்கிறது, வயலுக்கும் சத்து மிஞ்சுகிறது.

அடுத்த சிக்கல் கனபரிமாணம். உதிரி வைக்கோல் ஒரு கனமீட்டரில் 50 முதல் 80 கிலோதான் பிடிக்கும். லாரி நிறைந்துவிடும், எடை இருக்காது. கட்டினால் இது இரண்டு மடங்குக்கு மேல் கூடும். குருணையாகவோ எரிகட்டியாகவோ அழுத்தினால் 600 கிலோவைத் தாண்டும். ஆலை தூரம் கூடக்கூட வண்டி வாடகை விலையை விழுங்கிவிடும். எனவே, ஆலையின் விலையைக் கேட்டு மயங்காமல், வயலிலேயே கொடுத்தால் கையில் என்ன நிற்கும் என்று கேட்பதே சரி.

தயங்காமல் விற்கக்கூடியவை

பருத்திமார்: ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் கிடைக்கும். இலை முழுவதும் வயலிலேயே உதிர்ந்த பிறகு மிஞ்சும் கட்டை இது. மாடு தின்னாது, எளிதில் மட்காது, எரிதிறன் விறகுக்கு நெருக்கமானது. பருத்தி விவசாயிகளைக் கலங்கடிக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, பறிக்காமல் விட்ட வெடிக்காத காய்களில்தான் அடுத்த பருவம் வரை உறங்குகிறது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் மாரை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது அந்தச் சங்கிலியை அறுக்கும். விறகுக்கு ஆகுமென்று வீட்டோரம் மாதக்கணக்கில் போர் போட்டு வைத்தால், அந்தப் போரே புழுவுக்கு வீடாகிவிடும். எரிகட்டி ஆலைக்கு உடனே கொடுப்பது இரட்டை லாபம். டிராக்டரில் பூட்டும் மார் பிடுங்கும் கருவி கிடைத்தால் கூலியும் குறையும்.

துவரைமிளார், மிளகாய்மார்: இவையும் அப்படித்தான். வீட்டு அடுப்புக்குப் போக மிஞ்சியதை விற்கலாம்.

மக்காச்சோளச் சக்கை: மணி உதிர்த்த பின் மிஞ்சும் சக்கை, 100 கிலோ மணிக்குச் சுமார் 20 கிலோ வரும். கதிரடிக்கும் களத்திலேயே குவிந்து கிடப்பதால் சேகரிக்கும் செலவு இல்லை. நன்கு காய்ந்திருந்தால் நல்ல எரிபொருள்.

சிரட்டை: இதைச் சாதாரண விறகு விலைக்கு விடக் கூடாது. சிரட்டைக் கரிக்கும், அதிலிருந்து தயாராகும் வடிகட்டிக் கரிக்கும் தனிச் சந்தை உண்டு.

சீமைக்கருவேலம்: ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பகுதிகளில் தரிசை ஆக்கிரமித்து நிற்கும் இந்த மரமே பயோமாஸ் மின் நிலையங்களுக்கு நல்ல எரிபொருள். வேரோடு எடுத்தால்தான் நிலம் மீளும். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பட்டா நிலத்தில் உள்ளதை விற்கலாம். கண்மாய், புறம்போக்கில் உள்ளதற்கு முறையான ஏலமும் அனுமதியும் வேண்டும்.

விற்கவே கூடாதவை

கடலைக்கொடி, உளுந்து-பயறு பொட்டு, சோளத்தட்டை ஆகியவற்றை எரிபொருளுக்குத் தருவது, தீவனத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம். கடலைக்கொடியின் புரதச்சத்து வைக்கோலைவிடப் பல மடங்கு அதிகம்.

கரும்புச் சோகை இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. ஏக்கருக்கு மூன்று முதல் நான்கு டன் வரை கிடைக்கும். கட்டைக்கரும்பு விடுபவர்கள் அதைப் பார்களுக்குள் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மட்கிய பின் மண் இளகும். தண்ணீர் பற்றாக்குறை உள்ள தோட்டத்தில் சோகையை விற்பது, பாய்ச்சிய தண்ணீரை விற்பது போன்றது. ஆலை கேட்கிறது, மறுக்க முடியவில்லை என்றால், ஒரு பார் விட்டு ஒரு பார் கட்டிக் கொடுத்து, மீதிப் பாரில் மூடாக்கு விடலாம். கரும்பை அழித்து நெல் வைப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கலாம்.

தென்னையில் ஒரு மரம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைக்கு மேல் உதிர்க்கிறது. அடிமட்டையை எரிபொருளுக்கு விட்டாலும், ஓலையைத் தூளாக்கி வட்டப்பாத்தியில் இடுவதே தென்னைக்கு நல்லது.

மண்வள அட்டையைப் பார்த்து முடிவெடுப்போம்

எவ்வளவு விற்கலாம் என்பதற்கு எளிதான அளவுகோல், மண்வள அட்டையில் உள்ள அங்ககக் கரிம அளவு. 0.5 சதவிகிதத்துக்குக் கீழே என்றால் குறைவு. அந்த வயலிலிருந்து மட்கக்கூடிய எதையும் வெளியே அனுப்பக் கூடாது. 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். ஒரு போகக் கழிவை விற்றால் அடுத்த போகத்தில் தக்கைப்பூண்டோ, தொழு உரமோ கொடுத்து ஈடுகட்ட வேண்டும். 0.75-க்கு மேல் இருந்தால் ஓரளவு தாராளமாக விற்கலாம். அட்டையில் சாம்பல்சத்து 'குறைவு' என்று இருந்தால், வைக்கோல் விற்கும் பேச்சே வேண்டாம்.

வீட்டிலேயே எரிவாயு

வயல் கழிவிலிருந்து சக்தியும் வேண்டும், சத்தும் போகக் கூடாது என்றால் சாண எரிவாயுக் கலன்தான் வழி. வைக்கோலைக் கொதிகலனில் எரித்தால் தழைச்சத்து போய்விடும். அதே வைக்கோலை மாடு தின்று, சாணம் கலனுக்குள் போனால், வாயு அடுப்புக்கும் சத்து வயலுக்கும் கிடைக்கிறது. ஒரு கனமீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் போதும். இரண்டு, மூன்று மாடுகள் இருந்தால் கிடைத்துவிடும். ஒரு கனமீட்டர் வாயு, சுமார் 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். கலன் தினமும் முழு அளவில் வேலை செய்தால் மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் மிச்சம். வைக்கோலை நேரடியாகக் கலனில் போடக் கூடாது. மிதந்து ஆடை கட்டி, வாயு வருவது தடைபடும்.

விலை பேசும்போது கவனிக்க வேண்டியவை

1. விலை ஏக்கருக்கா, கட்டுக்கா, எடைக்கா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டுக் கணக்கு என்றால், நான்கைந்து கட்டுகளை எடைபோட்டுப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

2. ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்க வேண்டும். 30 சதவிகித ஈரமுள்ள 1,000 கிலோ சரக்கை 15 சதவிகித ஈரக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 824 கிலோதான். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கட்டுவது இந்தத் தகராறைத் தவிர்க்கும்.

3. கட்டும் கூலி, கயிறு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை யார் தலையில் என்பதைப் பேசிவிட வேண்டும்.

4. பணம் எப்போது? எடைச்சீட்டின் நகல் விவசாயி கையில் இருக்க வேண்டும்.

5. பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக ஒரே இடத்தில் சரக்கைக் குவித்துக் கொடுத்தால், ஆலைக்கு வண்டி மிச்சம். விவசாயிக்கு விலை பேச வலு கிடைக்கும்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

தாளை மடக்கி உழுதால் அடுத்த நாற்று மஞ்சளாகிறதே, ஏன்?
தாளை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வதால் நாற்றுக்குத் தற்காலிகமாகக் கிடைப்பதில்லை. மடக்கி உழும்போது ஏக்கருக்கு சுமார் 9 கிலோ யூரியா இட்டு, குறைந்தது பத்து நாள் கழித்து நடவு செய்தால் இந்தப் பிரச்னை குறையும். வைக்கோலைக் குவித்து மட்கவைப்பவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரை ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ என்ற அளவில் சாணக் கரைசலோடு கலந்து அடுக்கடுக்காகத் தெளிக்கலாம்.

வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைத்தால் உள்ளே சூடாகிறது. ஆபத்தா?
ஆபத்துதான். 20 சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சணமும் நுண்ணுயிரும் பெருகிச் சூடு ஏறும். பெரிய போராக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கையை நுழைத்தால் சுடுகிறது என்றால் உடனே பிரித்து ஆறவிட வேண்டும். போருக்கும் வீடு, தொழுவம், மின்கம்பிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்.

ஆலையிலிருந்து சாம்பலைத் திருப்பி வாங்கி வயலில் போடலாமா?
வைக்கோல், மார், சக்கை மட்டுமே எரிக்கும் ஆலையின் சாம்பலில் பொட்டாஷ் இருக்கும், வாங்கி இடலாம். சாம்பல் காரத்தன்மை கொண்டது என்பதால் களர் நிலங்களில் இடக் கூடாது. நிலக்கரியோடு கலந்து எரித்த சாம்பல் வேண்டாம். தழைச்சத்து சாம்பலில் திரும்பாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த அறுவடைக்கு முன் மண்வள அட்டை, மாட்டு எண்ணிக்கை, உரக்கடை விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போதும். வியாபாரி வந்து விலை சொல்லும்போது, கொடுக்கலாமா வேண்டாமா என்பதை வரப்பிலேயே நின்று முடிவு செய்துவிடலாம்.